படத்தைக் கொடுக்காதீங்க, கதையைக் கொடுங்க: ரோர்க்ஸ் டிரிஃப்ட் தம்பதியோட வகுப்பு முறை

எல்லாருக்கும் வணக்கம். மேசை மேல என்னென்ன இருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க. ஒரு ஏ4 அளவு லினோ ஷீட் (செதுக்கி அச்சு எடுக்கிற ஷீட்), அதைச் செதுக்க மூணு கட்டர், ஒரு ரோலர், கறுப்பு இங்க், ஒரு மரக்கரண்டி. விலை கூடின பொருள் எதுவும் இல்ல. கரன்ட் வேண்டாம், அச்சு மெஷினும் வேண்டாம். இவ்வளவை வச்சுக்கிட்டு, ஸ்வீடன்ல இருந்து மிஷனரிகளா போன ஒரு கணவன் மனைவி தென்னாப்பிரிக்காவுல கலை வரலாற்றையே திருப்பிப் போட்டாங்க. அவங்க பேரு பேடர் கோவேனியஸ், உல்லா கோவேனியஸ். அவங்க எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க, அதை உங்க ஞாயிறு பள்ளியிலயோ விடுமுறை வேதாகமப் பள்ளியிலயோ எப்படிச் செய்யலாம், இதுதான் இன்னைக்கு வீடியோ.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு பேருமே ஸ்டாக்ஹோம்ல இருக்கிற கான்ஸ்ட்ஃபாக் கலைப் பள்ளியில படிச்சவங்க. உல்லாவோட கை நெசவுல, பேடரோட கை ஓவியம் கற்பிக்கிறதுல. 1961-ல ஸ்வீடன் திருச்சபையோட மிஷன் அவங்களைத் தென்னாப்பிரிக்காவுக்கு, ஜூலு மக்கள் வாழற பகுதிக்கு அனுப்பிச்சுது. இதே மிஷன் நம்ம தரங்கம்பாடிப் பக்கமும் வேலை செஞ்சிருக்கு. 1919-ல உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோட முதல் பேராயர் ஸ்வீடன்காரர்தான்.

அங்க போனதும் கோயில் சுவத்துல படம் வரையற வேலைன்னு நினைச்சுடாதீங்க. முதல் வேலை சேசாங்கிற இடத்துல இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில. காசநோய்க்கு மாசக்கணக்கா படுத்திருக்கிறவங்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கணும். நெசவும் லினோவும் உள்ள வந்தது இந்த வழியாத்தான். அப்புறம் உம்புமுலோவுல ஒரு சின்னப் பள்ளி. 1963-ல ரோர்க்ஸ் டிரிஃப்ட்ங்கிற இடத்துல கலை, கைவினை மையம். 1879-ல ஆங்கிலேயருக்கும் ஜூலுக்களுக்கும் பெரிய சண்டை நடந்த அதே மிஷன் வளாகம்தான் அது. நிறவெறி ஆட்சியில கறுப்பின மாணவர்களுக்கு ஒழுங்கான கலைப் பயிற்சி கிடைக்கிற இடம் விரல் விட்டு எண்ணுற அளவுதான். அந்த நிலையில இந்த மையம் எவ்வளவு பெரிய வாசலைத் திறந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அவங்க முறையில எனக்கு முக்கியமாப் படறது ஒண்ணு. மாதிரிப் படம் கொடுக்கல. நம்ம ஊர் விடுமுறைப் பள்ளியில நடக்கிறது என்ன? தாடி வச்ச வெள்ளைக்கார மோசே அச்சடிச்ச தாள் வரும், பிள்ளைங்க கோட்டுக்குள்ள கலர் அடிப்பாங்க. பிள்ளைக்கு அந்தக் கதை தெரியுமான்னு அதுல கண்டுபிடிக்கவே முடியாது. கோவேனியஸ் தம்பதி கருவியையும் கதையையும் மட்டும் கையில கொடுத்தாங்க. படம் கத்துக்கிறவங்க தலைக்குள்ள இருந்து வரணும். அப்படி வந்தவர்தான் அஸரியா ம்பாதா. சேசாவுல நோயாளியா இருந்தவர். வேதாகமக் கதையைக் கட்டம் கட்டமா பிரிச்சு ஒரே லினோவுல செதுக்குவார். அதுல வர்றவங்க எல்லாரும் ஆப்பிரிக்க முகங்கள். இன்னொருத்தர் ஜான் முவாஃபாங்கேஜோ, 1967-ல மாணவரா வந்தார். 1973-ல அவர் செதுக்கின ஒரு படத்தோட தலைப்பே யூதாஸ் இயேசுவை மூணு ராண்டுக்குக் காட்டிக்கொடுத்தான்னு போகும். முப்பது வெள்ளிக்காசு, அவர் ஊர்ப் பணமா மாறிடுச்சு பாருங்க. இதை எந்தக் கலரிங் தாளும் கொண்டு வராது.

சரி, இப்ப கட்டப்படத்தைச் செஞ்சு காட்டறேன். கிட்ட வாங்க.

லினோங்கிறது ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள் கலந்து சணல் துணி மேல அழுத்தின ஷீட். தடிமன் சுமாரா 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆறு கட்டம் போடறேன், அகலத்துல ரெண்டு, உயரத்துல மூணு. ஓரம் 1 செ.மீ., நடுவுல கோடு அரை செ.மீ. விட்டா ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 9 செ.மீ. சதுரம் வரும். இதைவிடச் சின்னதா போகாதீங்க. 5 செ.மீ. கட்டத்துல முகம் செதுக்கப் புதுசா கத்துக்கிறவங்களால முடியாது. மூக்கு பறந்துடும்.

யோசேப்பு கதையை எடுத்துக்குவோம். வகுப்புல யாராவது ஒருத்தர் அவங்க பேசற மொழியில சத்தமா வாசிக்கட்டும், ரெண்டு தடவை. ரோர்க்ஸ் டிரிஃப்ட்ல அலினா ந்டெபெலேன்னு ஒரு பெண், மொழிபெயர்க்கிறவங்களா சேர்ந்து பெரிய நெசவுக் கலைஞரா வளர்ந்தாங்க. ஊர் மொழி தெரிஞ்ச ஒருத்தர் வகுப்புல இருக்கிறது அவ்வளவு முக்கியம். வாசிச்சு முடிச்சதும் ஒரே கேள்வி கேளுங்க: எந்த ஆறு காட்சி இல்லாட்டி கதை நிக்காது? இந்தப் பேச்சுக்கு முழுசா முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க. அங்கியைக் காட்டணுமா, குழியைக் காட்டணுமான்னு சண்டை வரும். வரட்டும். வேதபாடம் அந்தச் சண்டையிலதான் நடக்குது.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம். அச்சுல படம் இடம் வலம் மாறி விழும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா கட்டங்களோட வரிசையும் மாறும், அதை மறந்துடுவாங்க. இங்க பாருங்க, லினோவுல முதல் கட்டத்தை இடது பக்கம் மேல வச்சா, தாள்ல அது வலது பக்கம் போயிடும். யோசேப்பைக் குழியில தள்ளின பிறகு அப்பா அங்கி கொடுக்கிற மாதிரி கதை ஓடும். அதனால லினோவுல முதல் காட்சி வலது பக்கம் மேல. வலது கையால ஆசீர்வதிக்கிற யாக்கோபைக் காட்டணும்னா லினோவுல இடது கையா வரையணும். தமிழ் எழுத்து சேர்த்தா இன்னும் கவனம் வேணும். 'யோசேப்பு'ன்னு எழுதினா லினோவுல இரட்டைக் கொம்பு ரெண்டும் எழுத்துக்கு வலது பக்கம் வந்து நிக்கணும். மனசுல திருப்பிப் பாக்காதீங்க, கண்டிப்பா தப்பும். ட்ரேசிங் தாள்ல 4பி பென்சில்ல நேரா எழுதுங்க, தாளைக் கவுத்து லினோ மேல வச்சு நகத்தால தேய்ங்க. தானா திரும்பி விழும்.

படத்தை லினோ மேல பென்சில்ல வரைய விடாதீங்க. பென்சில் கையில இருந்தா முடி முடியா கோடு போடத் தோணும், அதை எந்தக் கட்டராலயும் செதுக்க முடியாது. தூரிகையும் இந்தியன் இங்க்கும் கொடுங்க. தடிச்ச கோடு, பெரிய கறுப்புப் பரப்பு தன்னால வரும். செதுக்கின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. எல்லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி செதுக்கினா பக்கம் முழுக்கச் சாம்பலா தெரியும். குழி, சிறை மாதிரி இருட்டுக் காட்சியை முக்கால்வாசி கறுப்பா விடுங்க. பார்வோன் அரண்மனையில வெள்ளையைத் திறந்து விடுங்க.

கட்டர் மூணு போதும்: 2 மில்லிமீட்டர் 'வி' வடிவம், 3 மில்லிமீட்டர் 'யு' வடிவம், பரப்பைச் சுத்தம் பண்ண 8 மில்லிமீட்டர் 'யு'. ஆழம் ஒண்ணு, ஒன்றரை மில்லிமீட்டர். சணல் துணி கண்ணுல பட்டா ஆழம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். லினோ விறைப்பா இருந்தா பத்து நிமிஷம் வெயில்ல வைங்க, வெண்ணெயா வெட்டும். குளிர்ல செதுக்கினா ஓரம் உடைஞ்சு துண்டு துண்டா பெயர்ந்துடும். ஷீட்டைப் பிடிக்கிற கை எப்பவும் கட்டருக்குப் பின்னால இருக்கணும். இதுல மட்டும் கண்டிப்பா இருங்க, ஏன்னா இந்த வேலையில காயம் படறது பெரும்பாலும் கட்டருக்கு முன்னால வச்ச கையில. மொண்ணைக் கட்டர் இன்னும் ஆபத்து, அழுத்தம் கூடி வழுக்கும். அரை மணிக்கு ஒரு தடவை பழைய தோல் பெல்ட்ல நாலு இழுப்பு இழுத்துடுங்க.

தப்பா வெட்டிட்டா? லினோவுல திரும்ப ஒட்ட வைக்க முடியாது, மரப் புட்டி வச்சாலும் அச்சுல தெரியும். படத்தை மாத்துங்க. கன்னத்துல கோடு விழுந்தா அது தாடியாகட்டும், வானத்துல விழுந்தா நட்சத்திரமாகட்டும்.

அச்சு எடுக்கும்போது காதைத் தீட்டிக்கோங்க. கண்ணாடி மேல ரோலரை ஓட்டும்போது 'ஸ்ஸ்'னு மெல்லிசா ஒட்டி விடற சத்தம் வந்தா இங்க் சரி. சளக்குன்னு ஈரச் சத்தம் வந்தா அதிகம், மெல்லிசான கோடெல்லாம் அடைச்சுக்கும். ஏ4 அளவுக்கு ஒரு அச்சுக்கு அரை டீஸ்பூன் கிட்ட போதும். முதல் ரெண்டு அச்சு வெளிறித்தான் வரும், லினோ எண்ணெயைக் குடிக்கும். பயந்து இங்க்கை அள்ளி வைக்காதீங்க. மெல்லிசான தாளா எடுங்க, மேல இன்னொரு தாள் வச்சு மரக்கரண்டியோட முதுகால வட்டமா தேய்ங்க, நடுவுல இருந்து ஓரத்துக்கு. ஒரு மூலையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எதிர் மூலையைத் தூக்கிப் பாருங்க. வெளிறின இடம் இருந்தா அங்க மட்டும் திரும்பத் தேய்க்கலாம். தண்ணி இங்க் நம்ம சித்திரை வெயில்ல ரோலர்லயே காஞ்சுடும், ஃபேனை நிறுத்திட்டு வேலை பண்ணுங்க. எண்ணெய் இங்க்னா காய மூணு நாலு நாள் ஆகும். கழுவ முதல்ல சமையல் எண்ணெய், அப்புறம் சோப்பு.

நெசவுப் பக்கம் உல்லாவோடது. அதையும் தொட்டே ஆகணும், ஏன்னா மையத்துக்குச் சோறு போட்டது தறிதான். கையால நூத்த கரகுல் இன ஆட்டு ரோமம், இயற்கையாவே கறுப்பு, பழுப்பு, சாம்பல், வெள்ளைன்னு வரும். அதோட சாயமேத்தின நூலும் உண்டு. இங்கயும் அதே கொள்கை: பாவுக்கு (தறியில நீளவாக்குல கட்டின நூலுக்கு) பின்னால அளவுப்படம் வைக்காம நெய்வாங்க. நெய்த பகுதி கீழ் உருளையில சுத்திப் போயிடும், நெய்யறவங்க கண்ணுல ஒரு முழம்தான் படும். மிச்சம் எல்லாம் மனசுலதான் இருக்கு. நோவா கதையை நெய்யறவங்களுக்கு அந்தக் கதை எவ்வளவு ஊறியிருக்கணும்!

நீங்க சின்னச் சட்டத்துல முயற்சி பண்ணா தடிச்ச நூலுக்கு செ.மீ.க்கு ரெண்டு மூணு பாவு இழை போதும். வழக்கமா வர்ற கோளாறு, நடுவுல இடுப்பு மாதிரி உள்ள சுருங்கறது. ஊடையை, அதாவது குறுக்கே போற நூலை, நேரா இழுத்துப் போடறதாலதான் அது. ஊடையை வில்லு மாதிரி வளைச்சு விட்டு, அப்புறம் சீப்பால தட்டுங்க. பாவைத் தாண்டி மேலயும் கீழயும் போக நூலுக்கு நீளம் வேணும்ல. ரெண்டு நிறம் செங்குத்தா சந்திக்கிற இடத்துல பிளவு விழும். விரலை விட்டா உள்ள போற அளவு நீளமானா, நாலு வரிக்கு ஒரு தடவை ரெண்டு நூலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விடுங்க.

கணவன் மனைவியா ஊழியம் பண்றவங்க நிறைய பேர் இந்தச் சேனலைப் பாக்கறீங்க. உங்களுக்குன்னு சொல்றேன். ஒருத்தர் கதை சொல்ல, இன்னொருத்தர் பக்கத்துல நின்னு படம் வரையறது பாக்க அழகா இருக்கும். ஆனா கூட்டம் வெறும் பார்வையாளரா உட்கார்ந்துடும். அதுக்குப் பதிலா ரெண்டு மேசை போடுங்க. ஒருத்தர் கதைப் பேச்சையும் வரைபடத்தையும் பாத்துக்கட்டும், இன்னொருத்தர் செதுக்கல், அச்சு. பன்னெண்டு பேருக்கு மேல எடுக்காதீங்க, கட்டர் கையில இருக்கிற ஒவ்வொருத்தரையும் கண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு பேர்ல யாரும் மாணவர் லினோவுல கை வைக்கக் கூடாது, திருத்தக் கூட. திருத்தணும்னா வேற துண்டுல செஞ்சு காட்டுங்க.

படத்தை வித்தா காசு செதுக்கினவருக்குப் போகணும்னு முதல் நாளே பேசிடுங்க. அச்சுக்குக் கீழ பென்சில்ல எண்ணும் கையெழுத்தும் அவரே போடட்டும், 3/20ன்னா இருபதுல மூணாவது. ஊழிய அறிக்கையில படம் போட்டா பேரும் போடுங்க. பேரில்லாம 'நம் மிஷன் பிள்ளைகளின் கைவண்ணம்'னு போடறதைப் பாத்தா எனக்கு மனசு வலிக்குது.

கோவேனியஸ் தம்பதி 1960-கள் முடியற சமயத்துல தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிட்டாங்க. லெசோத்தோ போனாங்க, பிறகு 1973-ல போட்ஸ்வானாவுல ஊடிங்கிற கிராமத்துல நெசவுக்கூடம் தொடங்கினாங்க. ரோர்க்ஸ் டிரிஃப்ட்ல 1968-ல தொடங்கின நுண்கலைப் பள்ளி 1982 வரைக்கும் ஓடிச்சு. ஆரம்பிச்சவங்க போன பிறகும் நடந்ததே, அதுதான் நல்ல கற்பித்தலுக்கு நான் கேக்கற சாட்சி.

பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு லினோ வேண்டாம், கட்டரும் வேண்டாம். தட்டையான தெர்மோகோல் தட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா கொடுங்க. அழுத்தி வரைஞ்ச இடம் வெள்ளையா விழும், மிச்சம் எல்லாம் இதே முறைதான். ஒரு தட்டுல பத்து பன்னெண்டு அச்சு எடுக்கலாம், அதுக்கப்புறம் கோடு மழுங்கிடும். அதுக்குக் கரண்டி வேண்டாம், உள்ளங்கையால தேய்ச்சாலே போதும். கரண்டி தட்டை அமுக்கிடும்.