பண்டிகைக் கடைகளில் யாருக்கு எந்த வேலை?

(ஹட்டனில் உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போது ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை நகரங்களின் புடவைக் கடைகளில் 'விற்பனையாளர் தேவை' என்ற அட்டை தொங்கத் தொடங்கிவிடும். நத்தாருக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் அப்படித்தான். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சீசன் வேலைதான் வாழ்க்கையின் முதல் வேலை. இது ஒரு மாதத்து வேலைதானே என்று பெற்றோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தான் எந்த இடத்தில் நிற்கத் தகுந்தவன் என்பதை ஒரு பிள்ளைக்கு உலகம் முதன்முதலில் சொல்லிக்கொடுக்கும் இடம் அது என்பதால், நான் அதைச் சிறிய விடயமாகக் கருதவில்லை.

ஆள் எடுக்கும் முறையைப் பலரும் அறிவீர்கள். முதலாளி அடையாள அட்டையை வாங்குவார். முகத்தைப் பார்ப்பதற்கு முன் அட்டையைத் திருப்பி முகவரியைப் பார்ப்பார். தேயிலைத் தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவைக் குறிக்கும் 'கீழ்ப்பிரிவு' என்ற சொல்லும் கண்ணில் பட்டதும், "எந்தத் தோட்டம் தம்பி? கணக்கு வருமா?" என்று கேட்பார். கணக்குப் பாடத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையிடமும் இதே கேள்விதான். பிறகு வேலை கிடைக்கும். கிடைக்காமல் போவதில்லை, ஏனென்றால் மலிவான கைகள் சீசனுக்குத் தேவை. ஆனால் அந்தப் பிள்ளை மாடியில் பொதி பிரிக்கும், சாக்குத் தூக்கும், இரவில் கடை கூட்டும். துணி விரித்துக் காட்டும் மேசையிலும் காசு வாங்கும் இடத்திலும் வேறொருவர் நிற்பார். இதைச் சிங்களவர், தமிழர் என்ற ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் உண்மை பிடிபடாது. கொழும்பில் நம் மொழி பேசும் முதலாளிமாரின் கடைகளிலும் தோட்டத்துப் பிள்ளைக்கு மாடிப்படிதான் காட்டப்படுகிறது என்பதை இங்கிருந்து போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சிங்களம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கடை கேட்டால் அதில் எனக்கு மறுப்பில்லை. அது வேலைக்குத் தேவையான திறமை, கற்றுக்கொள்ளக் கூடியது. நான் மறுப்பது, "எங்களுக்கு ஒன்றுமில்லை, வாடிக்கையாளர்தான் விரும்பமாட்டார்கள்" என்ற சமாதானத்தை.

இந்தச் சமாதானம் நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில், நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், 125 ஆவது தெருவில், புளும்ஸ்டீன் என்றொரு பெரிய கடை இருந்தது. வாங்குவோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆனால் அவர்களுக்கு அங்கே கிடைத்தது துப்புரவு வேலையும் மின்தூக்கி இயக்கும் வேலையும்தான். 1934 இல், வேலை தராத கடையில் வாங்காதே என்ற முழக்கத்தோடு அப்பகுதி மக்கள் வாசலில் மறியல் செய்தார்கள். சில வாரங்களில் கடை இறங்கி வந்து, 35 கறுப்பினப் பெண்களை விற்பனைப் பணிக்கு எடுக்க உடன்பட்டது. எடுக்கப்பட்டவர்களில் நிறம் வெளுத்த பெண்களே முன்னிறுத்தப்பட்டார்கள் என்று போராடியவர்களுக்குள்ளேயே பிறகு சண்டை மூண்டது. 'சிவப்பான பிள்ளையாக ஒன்றை முன்னால் நிறுத்து' என்று சொல்லும் நம் கடைக்காரர்களுக்கும் அந்தச் சண்டையில் ஓர் இடம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நத்தார் காலத்தில் கடைகளில் அமரும் நத்தார் தாத்தா வேடமும் அந்நாட்டில் நீண்ட காலம் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. 1969 இல் சின்சினாட்டி நகரின் ஷிலிட்டோஸ் கடையிடம் கறுப்பினத்தவர் ஒருவரை அந்த வேடத்துக்கு எடுக்கும்படி கேட்டபோது, அது வழக்கத்துக்குப் பொருந்தாது என்று மறுத்தார்கள். மினசோட்டாவில் உள்ள மோல் ஒஃப் அமெரிக்கா என்ற பிரமாண்டமான வணிக வளாகம் கறுப்பின நத்தார் தாத்தா ஒருவரை முதன்முதலில் அமர்த்தியது 2016 இல்தான். இத்தனைக்கும் 1964 ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைகள் சட்டம் அங்கே தனியார் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்திருக்கிறது. சில வேலைகளின் தன்மை கருதிப் பால், மதம், பிறந்த தேசம் ஆகியவற்றுக்கு விதிவிலக்குக் கேட்க அச்சட்டம் இடம் வைத்தது. இனத்துக்கு அந்த இடம்கூட இல்லை. வாடிக்கையாளரின் விருப்பத்தைக் காட்டி ஒரு முதலாளி அங்கே தப்பிக்க முடியாது.

நம் நாட்டில் நிலைமை என்ன? அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் முதலிய காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. அதே உறுப்புரையின் மூன்றாம் பந்தி, இனம், மொழி, சாதி போன்ற காரணங்களுக்காக எவரையும் கடைகளுக்குள் நுழைவதிலிருந்து தடுக்கலாகாது என்றும் தனியாகச் சொல்கிறது. ஆனால் 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு, மீறல் அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் நடந்திருக்க வேண்டும். தனியார் கடை முதலாளி ஆள் எடுக்கும்போது காட்டும் பாகுபாடு அந்த வாசலுக்குள் வராது. ஆக, பட்டுப்புடவை வாங்கப் போகும் தோட்டத்துப் பெண்ணை அரசியலமைப்பு பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. அதை விற்கப் போகும் அவளுடைய மகளை மறந்துவிட்டது. வேலையில் பாகுபாடு பற்றிய சர்வதேச தொழில் தாபனத்தின் 111 ஆம் இலக்கச் சமவாயத்தை 1998 இல் ஏற்றுக்கொண்ட நாடு நம்முடையது என்பதால், இந்த இடைவெளியை நிரப்பும் சட்டமொன்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சட்டம் வரும்வரை இருப்பதைப் பயன்படுத்துவோம். சீசன் வேலையும் வேலைதான். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்குச் சம்பளம். சேமலாப நிதிக்கு ஊழியர் எட்டு வீதமும் முதலாளி பன்னிரண்டு வீதமும் தற்காலிக ஊழியருக்கும் செலுத்த வேண்டும். என்ன வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். 'விற்பனையாளர்' என்று கடிதத்தில் எழுதிவிட்டுச் சாக்குத் தூக்க விட்டால், கேள்வி கேட்க அந்தக் கடிதம் கையில் இருக்கும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன் பணம், பெரும்பகுதி இந்த நகரக் கடைகளுக்கே போய்ச் சேருகிறது. முதலாளிமார் சொல்லும் அந்த 'வாடிக்கையாளர்' வேறு யாருமல்லர், நீங்கள்தான். முற்பணம் கைக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரண்டு பேர் சேர்ந்து கடை முதலாளிமாரைச் சந்தித்து, இந்தச் சீசனுக்கு மேசையில் நிற்க எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளை எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்கலாம். பதிலைப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் துணி எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.