பயத்லான் பந்தயத்தில் இழந்த பணமும் மனவேதனையும்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பேசலாம் என்றிருக்கிறேன். ஜெர்மனியில் வசிக்கும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் என்னும் குளிர்கால விளையாட்டில் அவர் இரண்டு பருவங்களாகப் பந்தயம் கட்டி வருகிறார். இந்தப் பருவத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "நான் தேர்ந்தெடுத்த வீரர் கடைசிக் குண்டைத் தவறவிட்டதால்தான் தோற்றேன், என் கணிப்பில் பிழை இல்லை. இந்த வேதனையிலிருந்து மீள்வது எப்படி, போன பணத்தை மீட்பது எப்படி?" என்று கேட்கிறார்.

ஐயா, நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். வேதனையிலிருந்து மீளலாம். பணத்தைப் பந்தயத்தின் மூலமாகவே மீட்க வேண்டும் என்ற எண்ணத்தை விடாதவரை அந்த வேதனை தீராது. ஆகவே இரண்டாவது கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம்.

"கடைசிக் குண்டு" என்று நீங்கள் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். பயத்லானில் 50 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் இருக்கும். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தையும், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தையும் வீழ்த்த வேண்டும். அதுவும் மலைப்பாதையில் சறுக்கி ஓடி வந்த மூச்சிரைப்போடு. நூற்றுக்குத் தொண்ணூறு குண்டுகளைச் சரியாகச் சுடும் ஒரு வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நல்ல வீரர்தான். ஒவ்வொரு குண்டும் தனித்தனி என்று வைத்துக் கணக்கிட்டால், இருபது குண்டுகள் சுட வேண்டிய ஒரு போட்டியில் அவர் ஒன்றையும் தவறவிடாமல் முடிக்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சுடுபவருக்கே அது 36 சதவீதத்தைத் தாண்டாது. ஆக, ஏதோ ஒரு குண்டு தவறுவதுதான் இந்த விளையாட்டின் இயல்பு. அது கடைசிக் குண்டாக அமைந்துவிட்டால், "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே" என்று மனம் அடித்துக்கொள்கிறது. மூன்றாவது குண்டு தவறியிருந்தாலும் உங்கள் பணம் போயிருக்கும். ஆனால் இவ்வளவு வலித்திருக்காது.

2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். பிரான்சின் மார்ட்டன் ஃபூர்காத் அப்போது உலகின் முதல்நிலை வீரர்; 2012 முதல் 2018 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றவர். பிப்ரவரி 11 அன்று நடந்த 10 கிலோமீட்டர் விரைவோட்டத்தில் படுத்துச் சுட்டபோதே மூன்று குண்டுகளைத் தவறவிட்டு எட்டாம் இடத்துக்குப் போனார். ஜெர்மனியின் ஆர்ண்ட் பைஃபர் தங்கம் வென்றார். மறுநாள் துரத்தல் போட்டியில் அதே ஃபூர்காத் தங்கம் வென்றார். அடுத்து, பிப்ரவரி 15 அன்று 20 கிலோமீட்டர் தனிநபர் போட்டியில் வெற்றி அவர் பக்கம் இருந்த வேளையில் கடைசி இரண்டு குண்டுகளும் தவறி ஐந்தாம் இடம். பிறகு, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் கூட்டத் தொடக்கப் போட்டியில் ஜெர்மனி வீரர் சைமன் ஷெம்ப்பை முடிவுக்கோட்டுப் படத்தை வைத்துத்தான் முந்தினார் என்று சொல்லும் அளவுக்கு நூலிழையில் வெற்றி. ஒரே மனிதர், ஒரே வாரம், ஒரே களம்.

இப்போது, அவர்மீது முதல் நாள் பணம் கட்டி இழந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மறுநாள் தொகையை இரட்டிப்பாக்கிக் கட்டுகிறார், ஜெயித்துவிடுகிறார். இது அவருக்கு நல்லது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கதையிலேயே மிகப் பெரிய கேடு அந்த வெற்றிதான் என்பது என் கருத்து. "துரத்திப் பிடித்தால் மீட்டுவிடலாம்" என்ற பாடத்தை அது மனத்தில் ஆழமாக எழுதிவிடுகிறது. மூன்று நாள் கழித்து, கடைசி இரண்டு குண்டுகளில், அந்தப் பெருந்தொகையும் போகிறது. பயத்லானின் அட்டவணையே இந்தச் சபலத்துக்கு வசதியாக அமைந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். விரைவோட்டம் முடிந்த ஓரிரு நாளில் துரத்தல் போட்டி வருகிறது. முதல் போட்டியில் எத்தனை விநாடி பின்தங்கினாரோ அத்தனை விநாடி தாமதமாகவே வீரர் அதில் புறப்படுகிறார். தோற்றவருக்குத் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு என்பது வீரருக்குப் பொருந்தும். உங்கள் பணத்துக்கு அப்படி எந்தத் தொடர்ச்சியும் கிடையாது.

பந்தய நிறுவனத்தின் கணக்கையும் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு வீரர்களில் யார் முன்னே வருவார் என்ற பந்தயத்தில் இருவருக்கும் 1.85 என்று விகிதம் (ஒரு யூரோ கட்டி ஜெயித்தால் மொத்தம் 1.85 யூரோ கைக்கு வரும்) தந்திருந்தால், நட்டமில்லாமல் இருப்பதற்கே நூற்றுக்கு 54 முறைக்கு மேல் நீங்கள் ஜெயிக்க வேண்டும். ஜெர்மனியில் விளையாட்டுப் பந்தயங்களுக்கு 5.3 சதவீத வரி உண்டு. அந்தச் சுமையை நிறுவனம் உங்கள் தலையில் வைத்தால் அது ஏறக்குறைய 57 ஆகிவிடும். அன்று எந்த அணியின் சறுக்குக் கட்டைகளுக்குப் பூசிய மெழுகு சரியாக அமைந்தது, துப்பாக்கியைச் சரிபார்த்த பிறகு காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் வீட்டில் அமர்ந்து கைபேசி பார்க்கும் நமக்குப் போட்டி பாதி முடிந்த பிறகே தெரியவருகிறது. போட்டி நடக்கும்போதே கட்டும் பந்தயம் இன்னும் மோசம். ஒளிபரப்பு சில விநாடிகள் தாமதமாகவே நம்மை வந்தடைகிறது. நிறுவனமோ அதைவிட வேகமான தகவலை வைத்து விகிதத்தை மாற்றிக்கொள்கிறது.

இனி வேதனைக்கு வருவோம். அந்தப் பணத்தைக் "கடனாக வெளியே நிற்கும் பணம்" என்று உங்கள் மனம் கணக்கு வைத்திருக்கிறது. அதைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை வங்கிக் கணக்கிலிருந்து இரண்டு பருவங்களுக்கும் கூட்டி ஒரே எண்ணாகப் பாருங்கள். பார்க்கும் அன்று கசக்கும். ஆனால் அந்த எண் தெளிவாகிவிட்டால், "எவ்வளவுதான் போயிருக்கும்" என்று இரவில் புரண்டு படுக்கும் நிலை குறையும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இழப்பைவிட ஒளித்து வைப்பதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

இழந்ததை மீட்க மறுநாளே திரும்புவது, எவ்வளவு என்று வீட்டில் பொய் சொல்வது, பணத்துக்குப் பிறரை நம்புவது ஆகியவை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் சூதாட்டக் கோளாறின் ஒன்பது அடையாளங்களில் இடம்பெற்றவை. ஒரே ஆண்டில் நான்கு பொருந்தினால் அது நோய் என்றே கருதப்படுகிறது. உங்களுக்கு எத்தனை பொருந்துகின்றன என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மருத்துவரிடமோ சூதாட்ட அடிமைமீட்பு ஆலோசனை மையத்திலோ கேளுங்கள்.

நடைமுறைக்கு ஒன்று: ஜெர்மனியில் ஒயாசிஸ் என்ற தடைப்பதிவு உண்டு. நீங்களே விண்ணப்பித்து உங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டால், உரிமம் பெற்ற பந்தய நிறுவனங்கள் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. வழக்கமாக அது குறைந்தது ஓராண்டு நீடிக்கும்; குறைத்துக் கேட்டாலும் மூன்று மாதத்துக்குக் கீழே போகாது. நீங்கள் ஓராண்டையே கேளுங்கள். மூன்று மாதம் என்றால் பருவத்தின் நடுவிலேயே தடையை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கும் சபலம் வந்துவிடலாம். உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களை இந்தப் பதிவு கட்டுப்படுத்தாது என்பதால், அவற்றில் கணக்கு இருந்தால் அதைத் தனியாக மூடிவிட்டு, சூதாட்டக் கட்டணங்களைத் தடுக்க முடியுமா என்று உங்கள் வங்கியிடமும் கேட்டுப் பாருங்கள்.

போட்டிகளைப் பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்தப் பருவம் முடியும்வரை, அதாவது மார்ச் வரை, விட்டுவிடுவது நல்லது. அடுத்த நவம்பர் இறுதியில் புதிய பருவம் தொடங்கும்போது, தடை நடப்பில் இருக்கும் நிலையில், வீட்டாரோடு சேர்ந்து பாருங்கள்.