ரெமிங்டன் 700-ஐ டியூப் சேசிஸ்ல உட்கார வைக்கிறது

வணக்கம் மக்களே. மேஜை மேல இருக்கிறது ரெமிங்டன் 700 போல்ட் ரைஃபிள், ஷார்ட் ஆக்ஷன் (குட்டைத் தோட்டாவுக்கான ரிசீவர்), .308 வின்செஸ்டர் தோட்டா. பக்கத்துல அலுமினிய சேசிஸ், அதாவது பழைய ஸ்டாக்குக்குப் (கட்டைக்கு) பதிலா ரைஃபிளைத் தாங்குற சட்டம். முன்பக்கம் பேரலைச் சுத்தி வட்டக் குழாய், பின்பக்கம் ஏஆர்-15 ரைஃபிள் மாதிரி, தோள்ல வைக்கிற பட்டை மாட்டுற பஃபர் டியூப். அமெரிக்காவுல சீரியல் நம்பர் போட்ட ரிசீவர்தான் (பேரல் மாட்டுற, போல்ட் ஓடுற உடல்) சட்டப்படி துப்பாக்கி, சேசிஸ் வெறும் பாகம். அதனால தபால்லயே வந்துடும். பெட்டியில "டிராப்-இன்"னு (அப்படியே பொருந்தும்னு) போட்டிருப்பாங்க. அதை நம்பி ரெண்டு ஸ்க்ரூவை முறுக்கிட்டு ரேஞ்சுக்குப் போகாதீங்க.

முதல்ல மேகசின், சேம்பர் (தோட்டா உட்காருற அறை) ரெண்டும் காலியான்னு கண்ணால பாருங்க, விரல் விட்டும் பாருங்க. போல்ட்டைக் கழட்டி ஓரமா வைங்க. பழைய ஸ்டாக்ல ரிசீவரைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஆக்ஷன் ஸ்க்ரூவைக் கழட்டினா ரிசீவர் மேல வந்துடும். உள்ள இருக்கிற தகர மேகசின் பாக்ஸ் இனி வேண்டாம், சேசிஸ் ஏஐசிஎஸ் வகை, அடியில கழட்டி மாட்டுற மேகசின்தான் எடுக்கும். பழைய ஸ்க்ரூவையும் எடுத்து வெச்சிடுங்க, இதுல போடாதீங்க. மரை ஒண்ணுதான், 1/4-28. ஆனா நீளம் வேற.

நீளம் வேறயா இருந்தா என்னன்னு கேட்பீங்க. இதோ, கிட்டக்க காட்டுறேன். ரிசீவரோட முன் ஸ்க்ரூ துளை மேல பேரல் மரை வரைக்கும் போகுது பாருங்க. ஸ்க்ரூ அரை மில்லிமீட்டர் நீளமா இருந்தாலும் நுனி அங்க போய் முட்டும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்குற கருவி) 'டக்'னு சொல்லும், நீங்களும் இறுகிடுச்சுன்னு நினைப்பீங்க. ஆனா ரிசீவர் சேசிஸை அழுத்தவே இல்ல. பின் ஸ்க்ரூ நீளமா இருந்தா போல்ட்டோட அடிப்பக்கத்தை உரசும். அதனால ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனியா இறுக்கிட்டு, போல்ட்டைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்க.

இப்ப ரிசீவரை இறக்கலாம். 700-ஓட ரிசீவர் உருண்டை, விட்டம் கிட்டத்தட்ட 1.35 அங்குலம். அது சேசிஸோட வி வடிவப் படுக்கையில ரெண்டு கோட்டுல மட்டும் உட்காரும். ரிசீவர் முன்னாடி கீழே நீட்டிக்கிட்டு பின்னுதைப்பைத் தாங்குற ரீகாயில் லக்கோட பின்முகம் சேசிஸ்ல ஒட்டணும். முன்னாடி, பக்கவாட்டுல, அடியில இடைவெளி இருக்கணும். லக் அடியில தட்டுச்சுன்னா ரிசீவர் வி-யில உட்காராம அந்தரத்துல நிக்கும். ரைஃபிளை பட் தரையில, முனை மேல பார்க்க நிறுத்தி வெச்சு இறுக்குங்க. எடையே லக்கைப் பின்னாடி இழுத்து உட்கார வெச்சிடும்.

ஸ்க்ரூ மரையில எண்ணெய் இருந்தா துடைங்க. எண்ணெய் இருந்தா அதே டார்க்குக்கு இழுவிசை கூடிடும். முதல்ல ரெண்டும் கையால, அப்புறம் மாத்தி மாத்தி 30 இன்ச்-பவுண்டு, கடைசியா 65. நியூட்டன் மீட்டர்ல 7.3. சேசிஸ் கையேட்டுல வேற எண் இருந்தா அதுதான் சரி.

இறுக்கின பிறகு ஒரு சோதனை. டயல் இண்டிகேட்டரோட (நுண்ணிய நகர்வைக் காட்டுற அளவி) காந்தக் கால் அலுமினியத்துல ஒட்டாது, அதனால குழாய்ல கிளாம்ப் போட்டு மாட்டுங்க. முனையை பேரல் மேல வெச்சு, முன் ஸ்க்ரூவை மெதுவா தளர்த்துங்க. ஊசி 0.002 அங்குலத்துக்கு மேல நகர்ந்தா ரிசீவர் வளைஞ்சு இறுகியிருக்கு. எங்கயோ பெயிண்ட் பிசிறோ மண் துகளோ இருக்கும், கழட்டித் துடைச்சிட்டு மறுபடி போடுங்க.

சில மாடல்ல குழாயை முனைப்பக்கமா நுழைக்கணும். பேரல் நுனியில மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கிற பாகம்) இருந்தா முதல்ல கழட்டுங்க. தடிமனான வார்மின்ட் பேரல்னா வாங்குறதுக்கு முன்னாடியே காலிப்பர் வெச்சு, லக்குக்கு ஒரு அங்குலம் முன்னாடி அளந்துடுங்க. குழாய்க்கும் பேரலுக்கும் நடுவுல, பேரலைச் சுத்தி காகிதம் தடையில்லாம போகணும். எல்லாரும் கோட்டை விடுறது பைபாட்லதான் (முன்னாடி தாங்குற ரெண்டு கால்): அதை குழாயோட எம்-லாக் துளையில மாட்டுற ஸ்க்ரூ நீளமா இருந்தா குழாய்க்குள்ள நீட்டிக்கிட்டு பேரலைத் தொடும். வெளியில இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. டார்ச் அடிச்சுப் பாருங்க.

டிரிக்கர் ஹவுசிங் சேசிஸ் சுவர்ல எங்கயும் உரசக் கூடாது. போல்ட் ரிலீஸ் தாராளமா அமுங்கணும். காலி சேம்பர்ல போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு டிரிக்கரை இழுங்க. விட்டுட்டு சேஃப்டியை எடுங்க. அப்பவும் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கிற ஊசி) விழக் கூடாது. ரப்பர் சுத்தியலால தட்டியும் பாருங்க. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிக்கரை ரெமிங்டனே திரும்பக் கேட்டுச்சு. உங்களது அதுல ஒண்ணுன்னா சேசிஸைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.

மேகசின் போட்டு டம்மி ரவுண்டை (வெடிமருந்து இல்லாத பொய்த் தோட்டா) ஏத்துங்க. மேகசின் தாழ இருந்தா போல்ட் தோட்டாவோட அடியைப் பிடிக்காம மேல சறுக்கும், உயரமா இருந்தா உதடு போல்ட்டை உரசும். கன்னத் தாங்கியை உயர்த்தி வெச்சா போல்ட் பின்னாடி வெளிய வராது. பேரலைச் சுத்தம் பண்றப்பதான் இது தெரியும். அதனால போல்ட்டைக் கழட்டிப் போட முடியுற மாதிரி தாங்கியோட உயரத்தை வைங்க, இல்லன்னா தாங்கியைச் சட்டுனு இறக்குற மாதிரி அமைப்பு இருக்கணும்.

ஸ்கோப்பை மறுபடி ஜீரோ பண்ணணும் (குறியும் குண்டு விழுற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி சரிபண்ணணும்), பழைய ஜீரோ நிக்காது. முதல் 20 ரவுண்டுக்கு அப்புறம் ரெண்டு ஆக்ஷன் ஸ்க்ரூவையும் அதே 65-ல சரிபாருங்க. கால் சுத்து கூடுதலா போச்சுன்னா ரிசீவர் அப்பதான் படுக்கையில முழுசா இறங்கியிருக்கு. இன்னொரு 20 ரவுண்டு சுட்டுட்டு திரும்பவும் பாருங்க.