நாடாவில் இருப்பதும் அரங்கில் ஒலித்ததும்

அவையோருக்கு வணக்கம்.

பழைய கச்சேரிப் பதிவை மெருகேற்றும்போது எதைத் திருத்தலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பார்க்க இன்று ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம்: இங்கிலாந்து ராக் குழுவான கிங் கிரிம்ஸனின் ‘யுஎஸ்ஏ’. 1974 ஜூன் 28 அன்று நியூ ஜெர்சியின் கடற்கரை ஊரான ஆஸ்பரி பார்க்கில் நடந்த கச்சேரிதான் இதில் பெரும்பகுதி. ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ பாட்டு மட்டும் இரண்டு நாள் கழித்து பிராவிடென்ஸ் நகரில் பதிவானது. கிதாரும் மெலட்ரானும் (கட்டையை அழுத்தினால் நாடாவில் பதிந்த வாத்திய ஒலியை எழுப்பும் கருவி) ராபர்ட் ஃபிரிப், பேஸும் குரலும் ஜான் வெட்டன், டிரம்ஸ் பில் ப்ரூஃபோர்ட், வயலின் டேவிட் கிராஸ். 1975இல் எல்பி வெளிவந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது. 2002இல் இதன் ரீமாஸ்டர் பதிப்பு, அதாவது பழைய கலவையையே மெருகேற்றிய பதிப்பு, ‘ஃபிராக்சர்’, ‘ஸ்டார்லெஸ்’ இரண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது. 2013இல் புதிய மிக்ஸே, அதாவது வாத்தியங்களை மறுபடி கலந்த பதிப்பே, வந்தது.

ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பது கலந்து முடித்த இரண்டு தட நாடா. அதில் மொத்த ஒலியின் நிறத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், இரைச்சலைக் குறைக்கலாம். வயலினை மட்டும் தூக்க முடியாது. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூட்டினால் வயலினோடு ஸ்நேர் டிரம்மும் குரலும் சேர்ந்தே ஏறும். அதற்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் பல தட நாடாவுக்குப் போக வேண்டும். இந்த ஆல்பத்தில் அது வெறும் தொழில்நுட்ப விஷயம் அல்ல. 1975 எல்பியில் ‘லார்க்ஸ் டங்ஸ்’ இரண்டாம் பகுதியிலும் ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ பாட்டிலும் கேட்கும் வயலின் எடி ஜாப்ஸன் பிற்பாடு ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்தது. ‘லமென்ட்’டில் எலக்ட்ரிக் பியானோவும் அவருடையதே. அந்தக் கலவையை எத்தனை முறை மாஸ்டர் செய்தாலும் மேடையில் நின்ற கிராஸ் அந்த இடங்களுக்குத் திரும்பி வரமாட்டார்.

இனி நாடாவைப் பார்ப்போம். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பல நாடாக்களில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 456 போன்றவற்றில், காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரப்பதத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு நிறமாக ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். உரிந்துபோன துகளோடு இசையும் போய்விடும். அதனால் சுமார் 54 டிகிரி செல்சியஸில், கால் அங்குல நாடா என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம், சீரான சூட்டில் வைப்பார்கள். இரண்டு அங்குல நாடாவுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். சில வாரங்களுக்கு நாடா ஓடும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். பழைய அசிடேட் நாடாவை இப்படிச் சூடாக்கவே கூடாது, அது கெட்டுப்போகும். வெட்டி ஒட்டிய இடங்களில் பசை காய்ந்து முதல் ஓட்டத்திலேயே பிரியும் என்பதால், அவற்றை முன்னதாகவே மாற்றி ஒட்டுவது நல்லது.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. நாடாவின் தொடக்கத்தில் பதிந்திருக்கும் சோதனை ஒலிகளை வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். சாய்வு கொஞ்சம் பிசகினாலும் இரண்டு தடங்களையும் மோனோவாகக் கூட்டும்போது சிம்பலின் மினுக்கம் மங்கிவிடும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி ஏ முறையில் பதிவான நாடா என்றால் அதன் அளவுக் குறியொலியையும் பார்க்க வேண்டும். டிகோடருக்குப் போகும் அளவு தவறினால் மேல்ஸ்தாயி மழுங்கும், அல்லது இரைச்சல் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். இந்த இடத்தில் நேர்ந்த பிழையைப் பிறகு ஒலியின் நிறத்தை மாற்றும் ஈக்வலைசரால் திருத்த முடியாது.

நேரடிப் பதிவில் மின்சார ரீங்காரம் பெரிய தொல்லை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். 120, 180 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். 60இல் ஒரு வெட்டுப் போட்டு அந்த அதிர்வெண்ணைக் குறைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ‘பி’ சுரம் 61.7 ஹெர்ட்ஸ். அகலமாக வெட்டினால் வெட்டனின் அந்தச் சுரம் மட்டும் எலும்பில்லாமல் கேட்கும். இந்தக் குழுவில் பேஸ்தான் பாதிக் கனம்! மிகக் குறுகலான வெட்டாக, ரீங்காரம் துலக்கமாகத் தெரியும் அமைதியான பகுதிகளில் மட்டும் போட வேண்டும். பேஸ் உரக்க ஒலிக்கும் இடத்தில் அதுவே ரீங்காரத்தை மறைத்துவிடும்.

மெலட்ரானைக் கேட்டு ஏமாறுபவர்கள் உண்டு. எம்400 மாதிரியில் 35 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஏறக்குறைய எட்டு விநாடி ஓடும் தனி நாடாத் துண்டு. நிறையக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி இறங்கும். அரங்கின் மின்னழுத்தம் ஆடினாலும் சுருதி ஆடும். ‘ஸ்டார்லெஸ்’ஸில் அந்தத் தள்ளாட்டம் கேட்டால் பதிவு நாடாவின் கோளாறு என்று நினைத்து மென்பொருளால் நேராக்கப் பார்ப்பது பெரிய அநியாயம். பேஸும் சேர்ந்து ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஆடவில்லை என்றால் அது மேடையில் நடந்தது. அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கைதட்டலும் அப்படித்தான். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குக் கைதட்டல், சிம்பலின் வால், நாடாவின் ‘ஸ்ஸ்’ எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதி. மாதிரிக்கு எடுத்துக்கொள்ளச் சுத்தமான மௌனமும் கச்சேரி நாடாவில் அரிது. கொஞ்சம் அதிகமாக நீக்கினாலே கூட்டம் தண்ணீருக்கடியில் தட்டுவதுபோல ஆகிவிடும். புதிய மிக்ஸில் கூட்டத்துக்கான மைக்குகளையும் யோசித்துக் கலக்க வேண்டும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு ஒலி வந்துசேர 58 மில்லிவிநாடி ஆகும். அந்தத் தாமதத்தை முழுக்க நீக்கி ஒட்டவைத்தால் அரங்கே சுருங்கிவிடும். அப்படியே விட்டால் ஸ்நேர் இரண்டு முறை விழும். பாதி வழியில் நிறுத்துவதே பெரும்பாலும் சரி.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. 1992இல் வந்த ‘தி கிரேட் டிசீவர்’ பெட்டியில் அதே பிராவிடென்ஸ் கச்சேரி இருக்கிறது. அங்கே ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ பாட்டுக்கு வயலின் கிராஸ். அதையும் ‘யுஎஸ்ஏ’வில் ஜாப்ஸன் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வெட்டனும் ப்ரூஃபோர்டும் அதே கணத்தில் அதே அடியைத்தான் அடிப்பார்கள். ஒலியளவை முதலில் சமன் செய்துகொள்ளுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்ல பிரதி என்று காது நம்பிவிடும். பேஸை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு வயலினுக்கு வாருங்கள்.