கல்லாவுக்கு அடியில் வைக்காதீர்கள்

திருச்செங்கோட்டு மலையைச் சுற்றிப் புத்தகக் கடை நடத்துகிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. "ஏனுங்க, மாதொருபாகன் இருக்குதுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நீங்களும் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தீர்களானால், அந்த நிமிஷமே அது திருட்டுச் சரக்கு ஆகிவிடுகிறது. நாவல் வரிசையில் முதுகு தெரிய நிற்கட்டும்.

பெருமாள்முருகனின் அந்த நாவல் வந்தது 2010இல். எதிர்ப்பாளர்கள் திருச்செங்கோட்டில் அதை எரித்தது 2014 டிசம்பரில். நாலு வருஷம் சும்மா கிடந்ததைப் பற்றவைத்தது, நகலெடுத்து ஊரெல்லாம் கொடுத்த சில பக்கங்கள்: பிள்ளை வேண்டிப் பெண்கள் கோயில் திருவிழா இரவில் வேற்று ஆணோடு சேர்வதைச் சொல்பவை. ஜெராக்ஸ் தாளோடு ஆள் வந்தால் வாதாடாதீர்கள். முழுப் பிரதியைக் கையில் கொடுத்து, நாலு அத்தியாயம் முன்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பிள்ளையில்லாத தம்பதி காளி, பொன்னா வீட்டுக்குள் போகாமல் நேராக அந்தத் தேர் நோம்பிக்குப் போனால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

போனில் யாரோ "எடுத்து வையுங்க" என்பது தடை அல்ல. பிரதிகளைப் பறிமுதலுக்கு உரியவை என்று அறிவிக்க மாநில அரசுக்குத்தான் அதிகாரம். அதுவும் காரணம் சொல்லி அறிவிக்கை போட்டு. எதிர்த்து 2 மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். யாராவது பிரதிகளை எடுத்துப் போக வந்தால், எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். இந்த நாவல் வழக்கில் 2016 ஜூலை 5 தேதியிட்ட சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை அச்செடுத்துக் கடையில் வையுங்கள். 2015 ஜனவரி 12இல் நாமக்கல்லில் பெருமாள்முருகனிடம் எழுதி வாங்கிய சமரசம் யாரையும் கட்டாது என்று அதில் இருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆபாசப் புத்தகம் விற்றதாகப் போட்ட ரஞ்சித் உதேஷி வழக்கில் மாட்டியது எழுத்தாளர் அல்ல, பம்பாய்க் கடைக்காரர்கள். 1959இல் போலீஸ் அனுப்பிய போலி வாடிக்கையாளர் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' என்ற ஆங்கில நாவலை வாங்கிப்போனார். அபராதம் ஆளுக்கு 20 ரூபாய்தான். ஆனால் 1964இல் உச்ச நீதிமன்றமே தண்டனையை உறுதிசெய்தது. உள்ளே இருப்பது ஆபாசம் என்று விற்றவருக்குத் தெரியும் என அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்றும் சொன்னது. இலக்கியத்துக்கான விலக்கு 1969இல்தான் சட்டத்தில் ஏறியது. ஆகவே விற்பதைப் படித்துவிட்டு விற்கவேண்டும். நம் தொழிலில் இதைச் செய்கிறவர்கள் குறைவு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. சர்ச்சை கிளம்பினால் தேவை ஏறும், திருட்டு அச்சும் கூடவே வரும். பதிப்பகத்து பில் இல்லாத பிரதியைத் தொடாதீர்கள்.

மாதொருபாகனைப் படித்து முடித்தவர் திரும்பி வந்து "காளி என்னங்க ஆனான்?" என்பார். அதன் தொடர்ச்சியாக வந்த 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' நாவல்கள் இரண்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றில் செத்துப்போகிறான், மற்றதில் பிழைத்துக்கொள்கிறான். எதில் எது என்று மட்டும் கடைக்காரர் வாய் திறக்கக்கூடாது.