ஊசல் குண்டின் வேகம்: உயரத்தை எங்கிருந்து அளப்பது?

[திரையில்: 1.5 மீட்டர் நூலில் இரும்புக் குண்டு. நூல் செங்குத்துக் கோட்டிலிருந்து 37 டிகிரி விலகி நிற்கிறது.]

குண்டைத் தள்ளாமல் கையை மட்டும் எடுக்கிறோம். அடிப்புள்ளியைக் கடக்கும்போது வேகம் என்ன?

முடுக்கத்தை வைத்துப் போட்டால் கணக்கு சிக்கிக்கொள்ளும். குண்டு இறங்க இறங்க முடுக்கம் மாறுகிறது. மாறா முடுக்கச் சமன்பாடுகள் இங்கே செல்லாது. பாதையை விடுங்கள். விட்ட புள்ளி, அடிப்புள்ளி, இரண்டிலும் உள்ள ஆற்றலை மட்டும் பாருங்கள். இந்த முறையில் வேகம் கிடைக்கும். எத்தனை வினாடி ஆனது என்பது கிடைக்காது.

சமன்பாடு எழுதுமுன், ஈர்ப்பு விசை தவிர வேறு விசை ஏதாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இழுவிசை நூல் வழியே இருக்கிறது. குண்டோ நூலுக்குச் செங்குத்தாக நகர்கிறது. ஆகவே அது செய்யும் வேலை சுழி. குண்டு சின்னது, கனமானது; காற்றுத் தடையையும் விட்டுவிடலாம். அப்படியானால் குண்டு இழக்கும் நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிறது.

[திரையில்: நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் = ½ × நிறை × வேகத்தின் இருமடி]

இருபுறமும் நிறை அடிபட்டுப் போகிறது. கேள்வியில் நிறை தரவில்லையே என்று தேட வேண்டாம்.

[திரையில்: நூலின் செங்குத்துப் பகுதி சிவப்பில், அதற்குக் கீழே மிச்சமுள்ள துண்டு பச்சையில்.]

உயரத்தில்தான் பலரும் தவறுவது. கோசைன் 37 ஏறத்தாழ 0.8. அதை 1.5-ஆல் பெருக்கினால் 1.2 மீட்டர். அந்தச் சிவப்புக் கோடு, நூலைக் கட்டிய இடத்திலிருந்து குண்டு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. குண்டு இறங்குவது பச்சைத் துண்டு மட்டுமே: 1.5 − 1.2 = 0.3 மீட்டர்.

வேகம் = √(2 × 9.8 × 0.3) = √5.88. வினாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். 1.2-ஐப் போட்டிருந்தால் 4.8, அதாவது இரண்டு மடங்கு வந்திருக்கும். 60 டிகிரிக் கணக்கில் இந்தத் தவறு மாட்டாது. கோசைன் 60 அரை என்பதால் தப்பான வழியிலும் சரியான விடை வந்துவிடும். ஆசிரியர்கள் தேர்வுக்கு அந்தக் கோணத்தைத் தவிர்ப்பது நல்லது.

[திரையில்: சாய்தளம், உச்சியில் அதே குண்டு.]

இதே 0.3 மீட்டர் உயரத்திலிருந்து குண்டை உருட்டிவிட்டால் 2.4 வராது, 2.05 தான் வரும். உடனே உராய்வின் மேல் பழி போடாதீர்கள். வழுக்காமல் உருளும்போது தொடுபுள்ளி சறுக்குவதில்லை; உராய்வால் ஆற்றல் வீணாவதும் இல்லை. இழந்த நிலை ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போகிறது, மிச்சம் ஐந்து பங்குதான் முன்னோக்கி ஓட: √(10 ÷ 7 × 9.8 × 0.3) = √4.2.

குண்டுக்குப் பதில் மெல்லிய வளையம் என்றால் சரிபாதி சுழற்சிக்கே போய்விடும், வேகம் 1.7-தான்.