மின்தடை கூடினால் வாட்ஸ் கூடுமா, குறையுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், திறனுக்கு, அதாவது வாட்ஸுக்கு, ஐ ஸ்கொயர் ஆர் (மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது) என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன்படி மின்தடை கூடினால் வாட்ஸும் கூட வேண்டும். வி ஸ்கொயர் பை ஆர் (வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது) என்றும் இருக்கிறது. அதன்படி குறைய வேண்டும். எது சரி?"

இரண்டுமே சரிதான் தம்பி. படிக்கிற காலத்தில் நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். வாளித் தண்ணீரில் போடுகிற 1500 வாட்ஸ் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கிற கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் சுமார் 6.5 ஆம்பியர் காட்டும். ஒரு கம்பியை மட்டும்தான் மீட்டரின் வாய்க்குள் விட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால் பூஜ்யம்தான் வரும். சரி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 35.4 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன்: 1495 வாட்ஸ். ஃபேன், மோட்டார் போன்றவற்றுக்கு இப்படி வெறுமனே பெருக்கக்கூடாது, அங்கே வோல்டேஜும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி இறங்காததால் பவர் ஃபேக்டர் என்ற கணக்கும் வந்துவிடும். ஹீட்டருக்குத் தாராளமாகப் பெருக்கலாம்.

இப்போது தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி, வோல்டேஜ் 200-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். நிறைய பேர் 1500-ஐ 200-ஆல் வகுத்து, 7.5 ஆம்பியர் இழுக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. ராடுக்குள் இருப்பது அதே கம்பி, அதே 35.4 ஓம். அதனால் மின்னோட்டம் 5.65 ஆம்பியருக்குக் குறைகிறது. திறன் 1130 வாட்ஸ். வோல்டேஜ் குறைந்தது 13 சதவீதம்தான். ஆனால் சூடு கால்வாசி போய்விட்டது. வர்க்கம் செய்கிற வேலை அது.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிளக் பாயிண்டில் நிலையாக இருப்பது வோல்டேஜ். அதில் நேராக மாட்டுகிற சாதனத்துக்கு மின்தடை குறைந்தால்தான் வாட்ஸ் கூடும். 2000 வாட்ஸ் ராடின் மின்தடை 26 ஓம் சொச்சம்தான்.

ஆனால் அதே பாதையில் பிளக் பின் லூசாக இருக்கிறது, அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். எவ்வளவு ஆம்பியர் ஓட வேண்டும் என்பதை இன்னமும் ராடுதான் தீர்மானிக்கிறது, 6.4 ஆம்பியர் ஓடியே தீரும். இங்கே ஏறக்குறைய நிலையாக இருப்பது மின்னோட்டம். 6.4-இன் வர்க்கத்தை 0.5-ஆல் பெருக்கினால் 20 வாட்ஸ். பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட்ஸ்! கிட்டத்தட்ட அவ்வளவு சூடும் சாக்கெட்டுக்குள் ஒரு சின்னப் புள்ளியில் இறங்குகிறது. தடை ஒரு ஓம் ஆனால் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுவது இதனால்தான். கடற்கரை ஓரம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். உப்புக் காற்றில் பித்தளை பின் பச்சை பூத்தால், தொடுகிற இடத்தில் தடை ஏறிவிடும்.

இன்னொன்று, அந்த 6.5 ஆம்பியரை மறுபடி பாருங்கள். சாதாரண சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். ஹீட்டர் ராடை 16 ஆம்பியர் பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள்.